இரண்டு ஹைட்ரஜன் குறைந்தால்

நரிமணத்தில் எடுத்தாலும் சரி, பாம்பே ஹையில் எடுத்தாலும் சரி, சவூதிப் பாலைவனத்தில் எடுத்தாலும் சரி, கச்சா எண்ணெயைப் பகுத்துப் பார்த்தால் ஒரு குடும்பத்தை மட்டும் ஏறக்குறைய காணவே முடியாது. மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் என்று நீண்டுகொண்டே போகும் ஆல்கேன்கள் ஏராளமாக இருக்கும். வளைய வடிவ ஹைட்ரோகார்பன்களும் பென்சீன் வகையறாவும் இருக்கும். இரட்டைப் பிணைப்பு கொண்ட ஆல்கீன்கள் மட்டும் இருக்காது. எத்திலீனோ புரொப்பிலீனோ வேண்டுமென்றால் ஆலை கட்டி நாமே தயாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனைக்கும் எண்ணெய் உருவான கடலடிச் சேற்றில் இரட்டைப் பிணைப்புகளுக்குப் பஞ்சமில்லை. செத்து மடிந்த பாசிகளின் கொழுப்பில் அவை நிறையவே இருந்தன. ஆனால் அந்தச் சேறு பல கோடி ஆண்டுகள் 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், கந்தகத்தோடும் களிமண்ணோடும் ஹைட்ரஜனோடும் அடைபட்டுக் கிடந்தது. இரட்டைப் பிணைப்பு கொண்டவை எதையாவது பிடித்துக்கொண்டு வேறு பொருளாகிவிட்டன. ஆல்கேன்கள் யாரோடும் ஒட்டாமல் ஓரமாகக் கிடந்து தப்பின. இன்று நாம் எரிக்கும் பெட்ரோலும் டீசலும் பெருமளவு அந்தச் சோம்பலின் மிச்சம்தான்.

இந்தக் குண வேறுபாட்டுக்குக் காரணம் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். ஈத்தேனில் இரண்டு கார்பனும் ஆறு ஹைட்ரஜனும் இருக்கின்றன. எத்திலீனில் இரண்டு கார்பனும் நான்கு ஹைட்ரஜனும். (பள்ளிப் புத்தகம் ஈத்தீன் என்று எழுதும்; ஆலையிலும் பழக் கிடங்கிலும் எத்திலீன் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.) இரண்டும் நிறமற்ற வாயுக்கள். மூலக்கூறு எடையிலும் பெரிய வித்தியாசமில்லை, 30-க்கு 28. ஆனால் ஒவ்வொரு கார்பனும் நான்கு பிணைப்புகளை நிறைவு செய்தாக வேண்டும். ஹைட்ரஜன் போதாதபோது இரண்டு கார்பன்களும் தங்களுக்குள்ளேயே இன்னொரு பிணைப்பைப் போட்டுக்கொள்கின்றன. அதுதான் இரட்டைப் பிணைப்பு.

இங்கே மாணவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு, குழம்புவதும் நியாயமே. இரட்டைப் பிணைப்பு ஒற்றைப் பிணைப்பைவிட வலுவானது. ஒற்றைப் பிணைப்பை முறிக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் போதும். இரட்டைப் பிணைப்பை முழுதாக முறிக்கச் சுமார் 610 கிலோஜூல் ஆகும். கார்பன்களும் நெருங்கி வருகின்றன, 1.54 ஆங்ஸ்ட்ராமாக இருந்த இடைவெளி 1.34 ஆகச் சுருங்குகிறது. வலுவாகக் கட்டப்பட்டதுதானே அசையாமல் இருக்க வேண்டும்? நடப்பதோ நேர்மாறு.

கழித்துப் பார்த்தால் விடை தெரியும். 610-இல் 350 போனால் மிச்சம் 260. அதாவது இரண்டாவது பிணைப்பு முதலாவதைவிடப் பலவீனமானது. அதை மட்டும் அவிழ்த்து, இரண்டு புதிய ஒற்றைப் பிணைப்புகளைப் போட்டுக்கொண்டால் மூலக்கூறுக்கு லாபம். முழுவதையும் முறிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

பலவீனம் பாதிக் கதை. மீதிப் பாதி, அது இருக்கும் இடம். சிக்மா எனப்படும் முதல் பிணைப்பின் எலக்ட்ரான்கள் இரு அணுக்கருக்களுக்கும் நேர் நடுவே ஒடுங்கியிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மூலக்கூறு அவற்றை எளிதில் நெருங்க முடியாது. பை எனப்படும் இரண்டாவது பிணைப்பின் எலக்ட்ரான்களோ மூலக்கூறின் தளத்துக்கு மேலும் கீழுமாகப் பரவிக் கிடக்கின்றன. அணுக்கருக்களின் பிடி அங்கே தளர்வு. அரிசி மூட்டையின் வாயை இயந்திரத்தில் தைத்திருப்பார்கள். சாக்கைக் கையால் கிழிக்க முடியாது. ஆனால் தையலின் நுனி வெளியே தொங்கும், அதைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்துவிடும். எத்திலீனின் பை பிணைப்பு அந்த நுனி. ஈத்தேனில் அப்படித் தொங்கும் நுனி எங்குமே கிடையாது.

ஈத்தேனிடம் இல்லாதவற்றின் பட்டியல் இன்னும் நீளும். எலக்ட்ரானை ஈர்ப்பதில் கார்பனும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய சமபலம். பாலிங் அளவுகோலில் ஒன்று 2.55, மற்றது 2.20. அதனால் ஆல்கேன் மூலக்கூறில் மின்சுமை கூடிய முனையும் இல்லை, குறைந்த முனையும் இல்லை. பகிரப்படாத எலக்ட்ரான் இணையும் இல்லை. அமிலத்துக்கும் காரத்துக்கும் பிடிப்பதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சோடியத்தைப் பள்ளி ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைப்பது இந்த நம்பிக்கையில்தான். மலச்சிக்கலுக்கு மருத்துவர் எழுதித் தரும் திரவ பாரஃபின் ஆல்கேன்களின் கலவை. வயிற்று அமிலத்தையும் குடலின் நொதிகளையும் கடந்து பெரும்பாலும் போனபடியே வெளியே வந்துவிடும்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க எளிய வழி புரோமின் நீர். செம்பழுப்பு நிறத்தில் இருக்கும் அந்தக் கரைசலில் எத்திலீனைச் செலுத்தினால் கண்ணெதிரே நிறம் போய்விடும். நடப்பது இது: புரோமின் மூலக்கூறு பை எலக்ட்ரான்களை நெருங்கும்போது, அவற்றின் தள்ளுதலில் அதன் ஒரு முனை எலக்ட்ரான் குறைந்ததாகிறது. அந்த முனையை ஆல்கீன் பற்றிக்கொள்ள, மறுமுனை புரோமைடு அயனியாகக் கழன்று போகிறது. பற்றப்பட்ட புரோமின் இரண்டு கார்பன்களையும் ஒருசேரத் தொட்டுக்கொண்டு ஒரு முக்கோண வளையமாக நிற்கிறது. இப்படி ஒரு வளையம் இருக்கும் என்று 1937-இல் ராபர்ட்ஸ், கிம்பால் என்ற இருவர் முன்வைத்தார்கள். கழன்றுபோன புரோமைடோ, கரைசலில் தயாராக இருக்கும் தண்ணீரோ பின்பக்கமாக வந்து வளையத்தைத் திறக்கிறது. வினை முடிந்தது. வெளியேறியது எதுவுமில்லை, சேர்ந்தது மட்டும்தான். அதனால்தான் இதைச் சேர்க்கை வினை என்கிறோம்.

ஈத்தேனை இருட்டில் புரோமினோடு வைத்தால் ஒன்றும் நடக்காது. வெயிலில் வைத்தால் நிறம் மெல்ல மங்கும், ஆனால் வேறு வழியில். ஒளி புரோமின் மூலக்கூறை இரண்டு தனி அணுக்களாகப் பிளக்கிறது. இணை இல்லாத எலக்ட்ரானோடு அலையும் அந்த அணு ஆல்கேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. ஹைட்ரஜன் புரோமைடு புகையாக வெளியேறுகிறது. காலியான இடத்தில் வேறொரு புரோமின் வந்து உட்காருகிறது. இது பதிலீட்டு வினை. விடைத்தாளில் ‘ஆல்கேன் புரோமினோடு வினைபுரியாது’ என்று மொட்டையாக எழுதிவிடுகிறார்கள். ‘இருட்டில்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் அது உண்மை.

அந்த ஒரு சொல்லுக்குள் ஆல்கேன்களின் வேதியியல் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இணையற்ற எலக்ட்ரானோடு திரியும் துண்டுகளை வேதியியலார் தனி உறுப்புகள் என்கிறார்கள். ஆல்கேன் பணிவது பெரும்பாலும் அவற்றிடம் மட்டும்தான். சமையலறை சிலிண்டரில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் காற்றோடு கலந்தாலும் தானாகப் பற்றிக்கொள்வதில்லை. ஒரு பொறி சில மூலக்கூறுகளை உடைத்துத் தனி உறுப்புகளாக்கிவிட்டால் போதும். ஒவ்வொன்றும் அடுத்ததை உடைக்க, தீ சங்கிலியாகப் பரவுகிறது. கணக்குப்படி பார்த்தால் பெட்ரோலும் ஆக்சிஜனும் எந்த நொடியிலும் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற ஆவலோடு இருக்க வேண்டிய ஜோடி. ஆற்றலில் அவ்வளவு பெரிய சரிவு அங்கே இருக்கிறது. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் உள்ள காற்றில் வண்டித் தொட்டி நிறையப் பெட்ரோலோடு நிம்மதியாக வெயிலில் நிற்கிறோம். ஒரு வினையில் எவ்வளவு ஆற்றல் கிடைக்கும் என்பது ஒரு கேள்வி, அது எவ்வளவு சீக்கிரம் தொடங்கும் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுதான் வினைத்திறன் பற்றிப் பேசும்போது நேரும் மிகப் பெரிய பிழை.

ஆல்கீன்களுக்கும் இது பொருந்தும். எத்திலீனோடு ஹைட்ரஜன் சேர்ந்து ஈத்தேன் ஆவதில் மோலுக்கு 137 கிலோஜூல் வெப்பம் வெளிவருகிறது. என்றாலும் இரண்டையும் ஒரு குடுவையில் கலந்து வைத்தால் வெறுமனே கிடக்கும். ஹைட்ரஜன் மூலக்கூறுக்கும் பிடிபடும் முனை கிடையாது. 1897-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாத்தியே தம் சகா செந்தரனோடு சேர்ந்து, நுண்ணிய நிக்கல் தூள்மேல் இந்தக் கலவையைச் செலுத்தியபோதுதான் அது எளிதாக நடந்தது. 1912-இல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த முறையைத் தாவர எண்ணெய்க்குப் பொருத்தியதும் வனஸ்பதி பிறந்தது. எண்ணெயின் நீண்ட கொழுப்புச் சங்கிலிகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜனால் அடைத்தால், திரவம் கட்டியாகிறது, சீக்கிரம் கெடுவதுமில்லை. பாதியில் நிறுத்தினால் மிஞ்சும் இரட்டைப் பிணைப்புகள் சில வடிவம் திரும்பி டிரான்ஸ் கொழுப்பாகின்றன. இதய நோயோடு அதற்குள்ள தொடர்பு உறுதியான பிறகு, 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி வந்தது.

எண்ணெயில் சிக்கு வாடை வருவதற்கும் இதே இரட்டைப் பிணைப்புதான் காரணம். அதற்கு அடுத்த கார்பனில் உள்ள ஹைட்ரஜன் இளகிய நிலையில் இருக்கும். காற்றின் ஆக்சிஜன் அந்த வழியாக உள்ளே நுழைகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்றவை, அதாவது இரட்டைப் பிணைப்பு இல்லாதவை, ஆகவே அது தாக்குப்பிடிக்கும். நல்லெண்ணெயில் நிறைவுறாதவைதான் பெரும்பங்கு; அப்படியும் அது சீக்கிரம் கெடாததற்கு எள்ளிலேயே உள்ள செசமால் போன்ற காப்புப் பொருள்கள் காரணம். சூரியகாந்தி எண்ணெய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சமையலறையை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்ப்போம். இந்த இரண்டு குடும்பங்களின் குணபேதத்தை வானம் காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டுவதில்லை.

உலகின் மரங்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 50 கோடி டன் ஐசோப்ரீனைக் காற்றில் விடுகின்றன. ஐந்து கார்பனும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட பொருள் அது. சதுப்பு நிலம், நெல்வயல், மாடு, குப்பைமேடு, எண்ணெய்க் கிணறு என்று எல்லா வழியிலும் காற்றில் சேரும் மீத்தேனும் கிட்டத்தட்ட அதே அளவுதான், சற்றுக் கூடுதல். உள்ளே போவது ஏறக்குறைய சமம். ஆனால் மீத்தேனைப் பற்றி உலக மாநாடுகளில் பேசுகிறார்கள், ஐசோப்ரீன் பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். காரணம் ஆயுள். காற்றைத் துப்புரவு செய்வது ஹைட்ராக்சில் என்ற தனி உறுப்பு, ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது. ஐசோப்ரீனைக் கண்டதும் அது இரட்டைப் பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் ஓரிரு மணி நேரத்தில் ஐசோப்ரீனின் கதை முடிந்துவிடும். மீத்தேனில் ஒட்ட இடமில்லை. ஹைட்ரஜனைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும், அந்தப் பிணைப்போ மோலுக்கு 439 கிலோஜூல் வலுவுள்ளது. பெரும்பாலான மோதல்கள் வீண்போகின்றன. சாதாரண வெப்பநிலையில் ஹைட்ராக்சில் ஐசோப்ரீனைத் தாக்கும் வேகம் மீத்தேனைத் தாக்கும் வேகத்தைப் போல ஏறத்தாழ 15,000 மடங்கு. அதனால் ஒரு மீத்தேன் மூலக்கூறு காற்றில் சராசரியாக 9 ஆண்டுகள் சுற்றுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 0.7 ஆக இருந்த மீத்தேன் இன்று 1.9-ஐத் தாண்டிவிட்டது.

வினைபுரியாத பொருளைச் சாது என்று நினைப்பது நம் வழக்கம். சூழலைப் பொறுத்தவரை அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. துள்ளும் பொருள் தொந்தரவு கொடுத்தாலும் சீக்கிரம் போய்விடுகிறது. போகாமல் சேர்ந்துகொண்டே இருப்பது சாதுதான்.

துள்ளும் பொருள் கொடுக்கும் தொந்தரவையும் மறைக்க வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் 1940-களில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம் கிளம்பியது. அன்னாசிப்பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர் அதன் காரணத்தைத் தேடிப் போனார். வண்டிப் புகையில் வரும் ஆல்கீன் முதலான ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். அந்த ஓசோனை அளக்க அவர் கையாண்ட கருவி அழகானது: வளைத்துக் கட்டிய ரப்பர்த் துண்டு. எவ்வளவு நேரத்தில் அதில் வெடிப்பு விழுகிறது என்று பார்த்தே ஓசோனின் அளவைச் சொன்னார்கள்.

ரப்பர் ஏன் வெடிக்கிறது? ரப்பர் மரத்தின் பால் ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. ஐசோப்ரீனின் இரண்டு இரட்டைப் பிணைப்புகளில் ஒன்று கோர்ப்பதற்குச் செலவாகிறது, மற்றது ஒவ்வோர் அலகிலும் மிஞ்சுகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சி உறுதியாக்க முடிந்தது அந்த மிச்சத்தால்தான். இரட்டைப் பிணைப்பை ஒட்டிய இடங்களில் கந்தகம் சங்கிலிகளைக் குறுக்கே கட்டுகிறது. அதே மிச்சத்தின் வழியாகத்தான் ஓசோனும் வருகிறது. ஓசோன் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்தால், மற்றவை போல் பை பிணைப்போடு நிற்பதில்லை. சிக்மாவையும் சேர்த்து அறுத்துவிடும். சங்கிலி இரண்டாகிறது. ஓடாமல் மூலையில் நிற்கும் சைக்கிளின் டயர் பக்கவாட்டில் பாளம் பாளமாக வெடிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இதற்கு டயர் ஆலைகள் கண்டுபிடித்த காவல்களில் ஒன்று பாரஃபின் மெழுகு. ரப்பர்க் கலவையில் கொஞ்சம் மெழுகைச் சேர்க்கிறார்கள். அது மெல்ல மேலே கசிந்து வந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிகிறது. மெழுகு முழுக்க ஆல்கேன். ஓசோன் அதனிடம் தோற்று நிற்கும். வண்டி ஓடும்போது டயர் நெளிந்து அந்தப் படலம் உடைந்துவிடும் என்பதால் வேறு காப்பு வேதிப்பொருள்களும் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் ஒரு குடும்பத்தைக் காக்க மற்றதைக் காவலுக்கு வைத்த அந்த யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

மிச்சம் வைக்காமல் கோத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை 1933-இல் இங்கிலாந்தின் நார்த்விச் பக்கம் கிடைத்தது. ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வகத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் இருவரும் எத்திலீனையும் பென்சால்டிஹைடையும் 170 டிகிரி சூட்டில், 2,000 வளிமண்டலங்களை நெருங்கும் அழுத்தத்தில் அடைத்து வைத்தார்கள். இரண்டும் ஒன்று சேரும் என்பது திட்டம். அது நடக்கவில்லை. மார்ச் 27 அன்று கலனைத் திறந்தபோது உள்ளே மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. திரும்பச் செய்து பார்த்தபோது வெடித்தது, வேலையை நிறுத்திவிட்டார்கள். 1935 டிசம்பரில் மைக்கேல் பெரினும் சகாக்களும் மீண்டும் முயன்றார்கள். கலனில் கசிவு ஏற்பட, புதிதாக எத்திலீன் நிரப்பினார்கள். அதில் சிறிதளவு ஆக்சிஜன் கலந்திருந்தது. அந்த ஆக்சிஜன்தான் தனி உறுப்புகளை உண்டாக்கி வினையைத் தொடங்கி வைத்தது; கசிவு இல்லாவிட்டால் அன்றும் வெறும் கலன்தான். முதல் தனி உறுப்பு ஓர் எத்திலீனின் பை பிணைப்பை அவிழ்த்து ஒட்டிக்கொள்கிறது. அவிழ்ந்த மறுமுனை அடுத்த எத்திலீனை அவிழ்க்கிறது. இப்படி ஆயிரக்கணக்கில். கிடைப்பது பாலிஎத்திலீன், நம் ஊர்ப் பேச்சில் பாலிதீன்.

சங்கிலி முடிந்தபின் அதில் ஒரு பை பிணைப்பும் மிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன், கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் என்று போய்க்கொண்டே இருக்கும். துள்ளும் ஆல்கீனில் தொடங்கி மகா நீளமான ஓர் ஆல்கேனில் வந்து முடிகிறோம். பெயர் இன்னும் எத்திலீனைச் சொல்கிறது, குணமோ மெழுகுதிரியின் குணம். பாலிதீன் பையைப் புரோமின் நீரில் போட்டால் நிறம் அப்படியே இருக்கும். அமிலம், காரம், ஊறுகாய், பால் எதற்கும் மசியாது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டதும், இன்று குடிநீர்க் குழாயாகத் தெருவுக்கடியில் ஓடுவதும், மாட்டின் வயிற்றில் செரிக்காமல் உருண்டு கிடப்பதும் அந்த ஒரே குணத்தால்தான்.

ஆல்கேன்களை எந்த உயிரும் தொடாது என்று சொல்லிவிட முடியாது. கடலில் எண்ணெய் கொட்டினால் அல்கானிவோராக்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் பெருகி அதைத் தின்கின்றன. மீத்தேனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் வயல்சேற்றில் உண்டு. ஆலையில் மீத்தேனை உடைக்க 800 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டியிருக்க, அவை இரும்பு அல்லது செம்பு கொண்ட நொதியை வைத்துக்கொண்டு சாதாரணச் சூட்டிலேயே மெத்தனால் ஆக்கிவிடுகின்றன. வேதியியலார் பொறாமையோடு பார்க்கும் வித்தை இது. ஆனால் பாலிதீன் சங்கிலி செல்லுக்குள் நுழைய முடியாத நீளம். வெயில்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிக்கிறது. பொடி கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே தவிர, பொருள் எளிதில் போவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. கடைக்குக் கடை அது எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது என்பதை வாசகரே அறிவார்.

இவ்வளவு பாலிதீனுக்கும் எத்திலீன் எங்கிருந்து வருகிறது? இயற்கை மிச்சம் வைக்காததால் ஈத்தேனையும் நாப்தாவையும் நீராவியோடு கலந்து, 850 டிகிரியை ஒட்டிய சூட்டில் குழாய்களுக்குள் ஒரு நொடிக்கும் குறைவாக ஓடவிட்டுப் பிளக்கிறார்கள். அந்தச் சூட்டில் ஈத்தேன் இரண்டு ஹைட்ரஜனைக் கைவிட்டு எத்திலீன் ஆகிறது. சற்றே தாமதித்தாலும் பிறந்த எத்திலீன் மறுபடி வினைபுரிந்து கரியாகப் படிந்துவிடும். ஆகவே உடனே குளிர்விக்க வேண்டும். உலகெங்கும் ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல் இப்படித் தயாராகிறது.

ஆனால் எத்திலீனைத் தயாரிக்கத் தெரிந்தது மனிதனுக்கு மட்டுமல்ல. 1901-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமித்ரி நெல்யுபோவ் என்ற மாணவர், ஆய்வகத்துக்குள் வளர்த்த பட்டாணி நாற்றுகள் மட்டும் நிமிராமல் படுத்தபடி வளர்வதைக் கண்டார். வெளிக்காற்றில் வளர்ந்தவை நேராக நின்றன. விளக்குக்கு எரித்த வாயுவின் கசிவுதான் காரணம், அதிலும் அதில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று பிரித்துக் காட்டினார். 1934-இல் ரிச்சர்ட் கேன், பழுக்கும் ஆப்பிள்களே எத்திலீனை வெளிவிடுகின்றன என்று நிறுவினார். மூன்றாவது கார்பன்கூட இல்லாத ஒரு சின்ன ஆல்கீன், தாவரங்களின் ஹார்மோன்.

பழம் அதை எப்படி உணர்கிறது என்பதில் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் எத்திலீன் ஏற்பிப் புரதத்தின் நடுவில் ஒரு செம்பு அயனி அமர்ந்திருப்பதை 1999-இல் கண்டறிந்தார்கள். எத்திலீனின் பை எலக்ட்ரான்கள் அந்தச் செம்போடு தொட்டுக்கொள்கின்றன; புரோமினைப் பிடித்த அதே எலக்ட்ரான்கள், இங்கே முறியாமல் லேசாக ஒட்டி விலகுகின்றன. அந்தத் தொடுதலில் பழுக்கும் வேலை தொடங்குகிறது. எத்திலீனைவிட ஒரு கார்பன் கூடிய புரொப்பிலீனும் வேலை செய்யும், ஆனால் ஏறத்தாழ நூறு மடங்கு செறிவு வேண்டும். ஈத்தேனை எவ்வளவு ஊதினாலும் காய் காயாகவே இருக்கும். செம்பு தொடுவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை.

வாழைத்தாரை அறையிலோ குழியிலோ அடுக்கி மூட்டம் போட்டுப் பழுக்கவைத்த நம் ஊர் வியாபாரிகள் புகையில் இருந்த எத்திலீனைத்தான் பயன்படுத்தினார்கள். கார்பைடு கல்லிலிருந்து வரும் அசிட்டிலீனுக்கும் பை பிணைப்பு இருப்பதால் அதுவும் பழத்தை மஞ்சளாக்கும். ஆனால் கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலந்த நச்சு வாயுக்களும் வரும். இந்தியாவில் அதற்குத் தடை உள்ளது. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் அனுமதித்தது. பழம் தானே உண்டாக்கும் அதே மூலக்கூறு என்பதால், முறையான அறையில் எத்திலீன் கொடுத்துப் பழுக்கவைத்த வாழையைப் பார்த்து ‘கெமிக்கல் பழம்’ என்று ஒதுங்க வேண்டியதில்லை. கார்பைடுப் பழத்தை ஒதுக்குவது நியாயம்.

பழுக்காமல் தடுக்கவும் இரட்டைப் பிணைப்பின் பலவீனம் உதவுகிறது. தொலைதூரம் போகும் பழப் பெட்டிகளுக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஏற்றிய சிறு பைகளைப் போடுகிறார்கள். பழம் விடும் எத்திலீனை அது உடனுக்குடன் ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். ஊதா நிறம் பழுப்பானால் பை தீர்ந்தது என்று பொருள். ஆல்கீனைக் கண்டுபிடிக்கப் பள்ளியில் செய்யும் பேயர் சோதனைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை.

வீட்டில் மாங்காயோ வாழைக்காயோ பழுக்க வேண்டுமென்றால் ஒரு காகிதப் பையில் போட்டு, கூடவே நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்றையும் வைத்து மடித்து வையுங்கள். பாலிதீன் பை வேண்டாம், ஈரம் தங்கி அழுகிவிடும். கீரைக்கட்டையும் வெள்ளரிக்காயையும் மட்டும் பழக்கூடைக்குத் தள்ளியே வையுங்கள். எத்திலீன் பட்டால் அவை சீக்கிரம் மஞ்சளாகிவிடும்.